கையில் பத்து லட்சம் இருக்கிறது: ஒத்திக்குப் போவதா, வாடகைக்குப் போவதா?

மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து சென்னைக்கு மாற்றலாகி வரும் குடும்பங்களில் இந்தப் பேச்சு கட்டாயம் நடக்கும். கையில் எட்டோ பத்தோ லட்சம் சேமிப்பு இருக்கும். மாதாமாதம் வாடகை கொடுத்தால் அந்தப் பணம் போனது போனதுதான். அதையே மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்து ஒத்திக்கு உட்கார்ந்தால், காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்பி வரும், குடியிருந்த காலமெல்லாம் இலாபம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சென்னையில் 'லீஸுக்கு வீடு' என்று பலகை தொங்குவதும் பெரும்பாலும் இதே ஏற்பாட்டுக்குத்தான்.

வாடகைக்குப் போவதென்று முடிவு செய்தாலும் அதிலும் இரண்டு வழி உண்டு. எல்லோரும் செய்வதுபோல் 11 மாத ஒப்பந்தம் ஒன்றை முத்திரைத்தாளில் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடியேறலாம். அல்லது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிட்டுக் குடியேறலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குடும்பங்களுக்குப் பதிவு செய்த மாத வாடகைதான் நல்லது. ஒத்திக்குப் போகலாம், ஆனால் கடன் கொடுக்கும் வங்கி எவ்வளவு விசாரிக்குமோ அவ்வளவு விசாரித்த பிறகு மட்டும். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும்.

பெரம்பூரிலோ குரோம்பேட்டையிலோ இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டின் வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே வீட்டை 10 லட்சத்துக்கு ஒத்திக்குத் தருகிறார்கள். அந்தப் பத்து லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் ஆண்டுக்கு 70,000, மாதத்துக்கு 5,800 சொச்சம் வட்டி வரும். ஒத்திக்குப் போகிறவர் இந்த வட்டியை இழக்கிறார், 15,000 ரூபாய் வாடகையை மிச்சப்படுத்துகிறார். மாதம் 9,000 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கிறது. மூன்று வருடத்தில் இது மூன்று லட்சத்தைத் தாண்டும். பெரியவர்கள் சொன்ன கணக்கில் தப்பில்லை.

இப்போது அதே கணக்கை வீட்டுக்காரர் பக்கமிருந்து போட்டுப் பாருங்கள். அவர் 10 லட்சத்தை வாங்கிக்கொண்டு ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் வாடகையை விட்டுக்கொடுக்கிறார். அதாவது 18 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறார். சொந்த வீடு வைத்திருப்பவருக்கு, பத்திரத்தை அடமானமாக வைத்தால் இதைவிடக் கணிசமாகக் குறைந்த வட்டிக்கு வங்கியே கடன் தரும். அப்படியிருக்க ஏன் இந்த வழிக்கு வருகிறார்? பதில் நியாயமானதாக இருக்கலாம். வருமானச் சான்று காட்ட முடியாத சிறு வியாபாரியாக இருப்பார், மகள் கல்யாணத்துக்கு உடனே பணம் தேவைப்படும், ஒவ்வொரு மாதமும் வாடகைக்குப் பின்னால் அலைய விருப்பம் இருக்காது. பதில் கவலைக்குரியதாகவும் இருக்கலாம். பத்திரம் ஏற்கெனவே வங்கியில் கிடக்கும், தவணை பாக்கி நிற்கும், வெளியில் வேறு கடனும் இருக்கும். எப்படியானாலும், ஒத்திக்குப் போகிறவர் குடியிருக்க மட்டும் போகவில்லை, அந்த வீட்டுக்காரருக்குப் பத்து லட்சம் கடனும் கொடுக்கிறார். கடன் கொடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விகளை அவர் கேட்டாக வேண்டும். குழாயில் தண்ணீர் வருகிறதா, சமையலறையில் வெளிச்சம் இருக்கிறதா என்று ஆர அமரப் பார்ப்பவர்கள், பத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.

சட்டம் இதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தில் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சுவாதீன அடமானம். போக்கியம் என்று பத்திரங்களில் எழுதுவதும் இதைத்தான். கொடுத்த பணத்துக்கு வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிப்பது, பணம் திரும்பும்வரை வீட்டை விட வேண்டியதில்லை என்பது அதன் சாரம். கடன் கொடுத்தவருக்கு இது உறுதியான பிடி. ஆனால் அந்தப் பிடி கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. 100 ரூபாயோ அதற்கு மேலோ அடமானத் தொகை இருந்தால், எழுதிக்கொடுப்பவர் கையெழுத்தும் குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் கொண்ட பத்திரமாக அதைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 59ஆம் பிரிவு.

நடைமுறையில் என்ன நடக்கிறது? முத்திரைத்தாளில் 'லீஸ் அக்ரிமெண்ட்' என்று தலைப்புப் போட்டு இரண்டு பக்கம் அடித்து, நோட்டரி முத்திரை குத்தி, பத்து லட்சம் கை மாறுகிறது. பதிவு இல்லாததால் இது அடமானம் ஆகாது. மாத வாடகையே இல்லாததால் வாடகைச் சட்டத்துக்குள் கொண்டுபோவதும் இழுபறிதான். பணம் கொடுத்ததற்கு அந்தத் தாள் சாட்சி சொல்லும். அந்த வீட்டின் மீது உரிமை இருக்கிறது என்று சொல்லாது. பதிவுச் செலவை மிச்சப்படுத்தலாம் என்று இரு தரப்பும் பேசி முடிக்கும் அந்த நிமிடத்தில், மொத்த ஆபத்தையும் குடியேறுபவர் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

ஆபத்து மூன்று விதமாக வரும். முதலாவது வங்கி. நீங்கள் குடியேறுவதற்கு முன்பே வீடு வங்கியில் அடமானத்தில் இருந்தால், வங்கியின் உரிமைதான் முந்தி நிற்கும். தவணை நின்றால் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி, நீதிமன்ற வழக்கு நடத்தாமலேயே வங்கி அந்த வீட்டை ஏலம் விடலாம். கதவில் நோட்டீஸ் ஒட்டும் அன்றைக்குத்தான் பல குடும்பங்களுக்கு விஷயமே தெரிகிறது.

இரண்டாவது ஆபத்தில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆனால் அதிகம் பேரை வாட்டுவது இதுதான். ஒத்திப் பணத்தை வாங்கிய வீட்டுக்காரர் அதை வங்கியில் பூட்டி வைப்பதில்லை. செலவு செய்துவிடுவார், அதற்காகத்தான் வாங்கினார். கெடு முடிந்ததும் அவர் எதிர்பார்ப்பது அடுத்த ஒத்திக்காரரை. 'ஆள் வந்ததும் தந்துடுறேன்' என்பார். ஆள் வருவதற்குள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும், புது ஊரில் வேலைக்குச் சேரும் தேதி வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வேறு ஊரில் வாடகை கொடுத்துக்கொண்டே, பழைய வீட்டில் ஒரு பூட்டையும் நாலு பாத்திரத்தையும் விட்டு வைத்திருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டால் பணம் கிடைக்காதோ என்ற பயம்தான் காரணம். மாதம் 9,000 மிச்சம் என்ற கணக்கில் இந்த மாதங்களை யாரும் சேர்ப்பதில்லை.

மூன்றாவது, இடைத்தரகர். வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, அதையே இன்னொருவருக்கு லீஸுக்கு விட்டு மொத்தத் தொகையை வாங்கிக்கொள்வார்கள். சில மாதம் வாடகை ஒழுங்காகப் போகும், பிறகு நின்றுவிடும், ஆளும் காணாமல் போவார். வாடகை வராத வீட்டுக்காரரும் லட்சங்களைக் கொடுத்த குடித்தனக்காரரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். சென்னையில் இப்படிக் காவல்துறை வரை போன புகார்கள் உண்டு. உரிமையாளர் முகத்தைப் பார்க்காமல், அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் போகாமல், லீஸுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் தாண்டியும் ஒத்தி உங்களுக்குச் சரிப்பட்டு வரலாம். சொந்த ஊரில், இரண்டு தலைமுறையாகத் தெரிந்த குடும்பத்தின் வீடு என்றால் எனக்கே தயக்கம் குறைவுதான். அப்போதும் 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், வங்கிக் கடன் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். தனியாரிடம் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் தெரியாமல் போகலாம் என்பதால் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள், நகல் போதாது. பூர்வீக வீடு என்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த ஒத்தி வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், பிறகு அந்த வீட்டை உங்களுக்குத் தெரியாமல் இன்னொருவருக்கு விற்பதோ அடமானம் வைப்பதோ சுலபமில்லை. பணத்தை ரொக்கமாகக் கொடுக்கவே கூடாது. கடனாகவோ டெபாசிட்டாகவோ 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதையும் திருப்பிக் கொடுப்பதையும் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் அதே தொகை அளவுக்கு அபராதம் போடலாம்.

ஒத்திக்கான பத்து லட்சம் சேமிப்பிலிருந்து வருகிறதா, கடனிலிருந்து வருகிறதா என்பதும் முக்கியம். தனிநபர் கடன் வாங்கி ஒத்தி போடுகிறவருக்கு மேலே சொன்ன மிச்சத்தில் பெரும்பகுதி வட்டியாகப் போய்விடும், ஆபத்து மட்டும் முழுதாக நிற்கும். பழைய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாடகையே கொடுக்காதபோது வீட்டு வாடகைப்படிக்கான வரிவிலக்கு கேட்க முடியாது. புதிய வரி முறையில் அந்த விலக்கே கிடையாது என்பதால் அங்கே இந்த வித்தியாசம் இல்லை.

சரி, வாடகைக்கே போகலாம் என்று முடிவு செய்தாயிற்று. 11 மாத ஒப்பந்தம் எங்கிருந்து வந்தது? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். 11 மாதம் என்று எழுதினால் அந்தப் பதிவுச் செலவு மிச்சம். வீட்டுக்காரர்களுக்கு இதில் இன்னொரு நிம்மதியும் இருந்தது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில், குடிவைத்தவரைக் காலி செய்ய வைக்க ஆண்டுக்கணக்காக வழக்கு நடந்த கதைகள் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பலரிடம் உண்டு. வாடகையைக்கூட நீதிமன்றம் நிர்ணயிக்கும். அந்தப் பயம் இன்றும் வீட்டுக்காரர்கள் மனதில் இருக்கிறது. எழுத்தில் எதையும் உறுதியாகத் தராமல் இருந்தால்தான் தனக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இது நகரப் பகுதிகளுக்கானது. வாடகை எவ்வளவு என்பதில் அரசு தலையிடுவதில்லை, இரு தரப்பும் பேசிக்கொண்டதுதான் வாடகை. அதற்குப் பதிலாக எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரிக்கு இந்தப் பொறுப்பு. அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பித்துப் பதிவு எண் பெறலாம். 11 மாதம் என்று எழுதினால் இந்தப் பதிவிலிருந்து தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. காலம் எவ்வளவானாலும் பதிவு வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வைத்து இந்தச் சட்டத்தின் கீழ் உரிமை கேட்க முடியாது. எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளாததே குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகவும் சட்டத்தில் இருக்கிறது. ஆக, வாய்ப்பேச்சில் குடியிருப்பது இருவருக்குமே நஷ்டம்.

பதிவு செய்தால் கையில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். சென்னையில் வாடகையைப்போல் பத்து மடங்கு அட்வான்ஸ் கேட்பது நெடுநாள் வழக்கம். 15,000 வாடகைக்கு ஒன்றரை லட்சம். சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதாவது 45,000. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர என்று ஒரு வாசகத்தையும் அதிலேயே சேர்த்துவிட்டார்கள். அந்த வாசகம் வழியாகப் பத்து மாத அட்வான்ஸ் உள்ளே வந்துவிடுகிறது. 2021இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் என்று வரம்பு வைத்தது. அது மாநிலங்களுக்கான மாதிரி மட்டுமே. தமிழ்நாடு அந்த ஒரு வாசகத்தையாவது நீக்க வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை, மூன்று மாதம் என்று சட்டத்தில் இருப்பதைச் சொல்லிப் பேரம் பேச உங்களுக்கு ஒரு பிடியாவது இருக்கிறது. பத்தை ஐந்தாகக் குறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும், நியாயமான பாக்கிகளை மட்டும் கழிக்கலாம். இங்கேதான் வெள்ளையடிக்கும் காசு வருகிறது. காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பதைச் சென்னையில் யாரும் கேள்வி கேட்பதே இல்லை. ஆனால் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளர் பொறுப்பில்தான் இருக்கின்றன. குழாய், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்ற சில்லறை வேலைகள்தான் குடியிருப்பவருக்கு. ஒப்பந்தத்தில் பெயின்டிங் செலவு உங்களுடையது என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

வாடகை உயர்வும் ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். தகராறு வந்தால் மோட்டாரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது போன்றவற்றுக்குத் தடை இருக்கிறது, வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். வீட்டுக்காரருக்கும் இதில் ஆதாயம் உண்டு. இரண்டு மாத வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விடுவது, தனக்கே வீடு தேவைப்படுவது என்று காலி செய்யக் கேட்கும் காரணங்கள் தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கின்றன, அதற்கெனத் தனி வாடகை நீதிமன்றமும் இருக்கிறது. பதிவைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கத்தை முதலில் சொல்லுங்கள். பழைய சட்டத்தின் பயத்தில் இருப்பவருக்கு அது காதில் ஏறும்.

இந்தச் சட்டத்தால் ஆகாத காரியங்களும் உண்டு, அவை சின்ன விஷயங்கள் அல்ல. மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் மூன்று போர்ஷன்களை ஓட்டிக்கொண்டு, யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று வசூலிக்கும் வீடுகளில் குடியிருப்பவருக்கு அந்த இலவசம் போய்ச் சேர்வதில்லை. தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு வாடகை ஐநூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் கோடைக்காலத்தில் அது இலாபமாகவே முடியும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் மீட்டரைப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய குறை, சட்டம் ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. சைவம் மட்டும், குடும்பஸ்தர்கள் மட்டும் என்று பலகை வைப்பதும், பெயரைக் கேட்டதும் 'வீடு முடிஞ்சுடுச்சு' என்பதும், 'நீங்க எந்த ஆளுங்க' என்று சாதியைத் துருவுவதும் இந்த நகரத்தில் அன்றாடம் நடக்கின்றன. முஸ்லிம் குடும்பங்களும் தலித் குடும்பங்களும் தனியாக வாழும் பெண்களும் இதை ஒவ்வொரு தெருவிலும் சந்திக்கிறார்கள். இப்படி மறுப்பதைத் தடுக்கும் பிரிவு எதுவும் இந்தச் சட்டத்தில் இல்லை. நூறு ரூபாய் கூடுதல் வாடகைக்கும் முறையிட இடமிருக்கும் ஊரில், சாதியைச் சொல்லி வீடு மறுக்கப்பட்டவர் எங்கே போய்ச் சொல்வது என்பதற்கு இந்தச் சட்டத்தில் வழியில்லாமல் இருப்பது பெரிய அநியாயம்.

தனியாக வேலைக்கு வருபவர்கள் முதல் ஆறு மாதம் ஹாஸ்டலிலோ பிஜியிலோ இருந்துவிட்டு, ஊர் பழகியபின் வீடு தேடலாம். பெண்கள் விடுதி என்றால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகளும் இருக்கின்றன. குடும்பத்தோடு வருபவர்களுக்கு இது பொருந்தாது.

கடைசியாக, நிஜத்தில் அடிக்கடி வரும் சிக்கல். வீடு பிடித்திருக்கிறது, வாடகையும் கட்டுப்படியாகிறது, ஆனால் வீட்டுக்காரர் 'பதிவெல்லாம் வேண்டாம் சார், எங்க வீட்ல யாருக்கும் பண்ணினதில்லை' என்கிறார். பல சமயம் காரணம் வருமான வரி. வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்ட விருப்பம் இருக்காது. அவரோடு வாதாடி வீட்டை இழப்பதா என்றால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் பதிவு இல்லாத வீட்டில் எவ்வளவு பணத்தைப் போடுகிறீர்கள் என்பதைக் கட்டுப்படுத்துங்கள். அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் போனால் அந்த வீடு வேண்டாம். ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் தொகை எண்ணிலும் எழுத்திலும் இருக்கட்டும். அட்வான்ஸும் வாடகையும் வங்கி வழியாகவே போகட்டும். அனுப்பும்போது எந்த மாதத்துக்கு என்று குறிப்பு எழுதுங்கள். சாமான் இறக்குவதற்கு முன்பு சுவர், தரை, குளியலறை எல்லாவற்றையும் படமெடுத்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அதே ஆள் அட்வான்ஸுக்குப் பதில் பத்து லட்சம் லீஸ் கேட்டு, அதற்கும் பதிவு வேண்டாம் என்றால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.